ஒரே தோட்டா, வேறு வேறு துவக்குகள்

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே நீளும் கரையோரத்தில், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக இருக்க, இடையிலுள்ள சிறு நிலத்தில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். இல்லத்துக்கு இல்லம் இடைவெளி சில முழங்களே. ஒழுங்கைகள் குறுகியவை. கடற்கரை மணலில் நின்று மேற்கு நோக்கி நடப்பவர் சிறிது நேரத்துக்குள் ஊரைக் கடந்து வயல் வரம்பில் காலை வைத்துவிடுவார். பட்டிப்பளை ஆற்று நீர் பாயும் அந்த வயல்களில் விளையும் நெல்லே இவ்வூர்களின் செல்வம்.

இம்மக்களுக்குத் துவக்கு புதிய பொருளன்று. பெரும்போகத்துப் பயிர் கதிர் தள்ளும் காலத்தில் காட்டுப்பன்றி இறங்கும். காட்டை அடுத்த கண்டங்களில் யானையும் வரும். வயற்காவலுக்கென வைத்திருந்த இடியன் துவக்கையும், பின்னர் வந்த ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கையும் அறியாத விவசாயக் குடும்பம் அரிது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்று, ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்து வைத்திருந்த துவக்குகள் அவை.

ஆனால் 1980களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இக்கரையோரத்தில் உலாவிய துவக்குகள் வேறு இனத்தைச் சேர்ந்தவை. அவை பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் சீனாவிலும் பிறந்தவை. பன்றியை விரட்டுவதற்காக அன்றி, ஐரோப்பியப் பெருநிலத்துப் போர்க்களத்துக்காக வகுக்கப்பட்டவை. அவற்றுள் ஒரு பெருங்குடும்பம், ஒரே தோட்டாவைப் பயன்படுத்திய தானே மீள்நிரப்பும் றைபிள்களாகும். எஸ்.எல்.ஆர்., ஜி-3, எம்-14 என்பன அக்குடும்பத்தின் பெயர்பெற்ற பிள்ளைகள். ஒரே தோட்டாவுக்கு ஏன் இத்தனை துவக்குகள்? அவற்றுள் எது எவ்விதத்தில் சிறந்தது? நெருங்கிய ஊரொன்றில் அவற்றுள் ஏதேனும் பொருந்துமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பது, கடந்துபோன ஒரு காலத்தை விளங்கிக்கொள்ளவும் உதவும்.

முதலிற் சில அடிப்படைச் செய்திகளைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நன்று. வேட்டைத் துவக்கின் குழல் உள்ளே வழவழப்பானது. அதிலிருந்து ஒரே முறையில் பல சன்னங்கள் புறப்பட்டுச் சிதறுகின்றன. நாற்பது ஐம்பது மீற்றருக்கு அப்பால் அவற்றின் வலு விரைவிற் குன்றிவிடும். றைபிளின் குழலிலோ உட்புறத்தில் திருகுபோன்ற புரி வெட்டப்பட்டிருக்கும். தனியொரு குண்டு அப்புரியைப் பற்றிச் சுழன்றுகொண்டு வெளியேறும். பம்பரம் சுழலும்வரை சாயாது நிற்பதுபோல, சுழலும் குண்டும் திசை மாறாது நெடுந்தூரம் செல்லும்.

இரண்டாவது வேறுபாடு மீள்நிரப்பும் முறையில் உள்ளது. பிரித்தானியர் விட்டுச்சென்ற லீ-என்பீல்ட் என்னும் .303 றைபிளில், ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னரும் கைப்பிடியை உயர்த்தி, இழுத்து, தள்ளி, தாழ்த்தவேண்டும். அப்போதே வெற்றுறை வெளியே விழுந்து புதிய தோட்டா உள்ளே ஏறும். 1949ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இலங்கை இராணுவம் தொடக்கத்தில் ஏந்தியது இத்துவக்கே. 1971ஆம் ஆண்டு ஏப்பிரல் கிளர்ச்சியின்போது பொலிசாரின் கையிலும் இதுவே இருந்தது. தானே மீள்நிரப்பும் றைபிளில் இவ்வேலையைச் சுடுபவரின் கை செய்வதில்லை. சூட்டினால் எழும் ஆற்றலின் ஒரு பகுதியே செய்துவிடுகின்றது. ஆயினும் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டே புறப்படும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை குண்டுகள் தொடர்ந்து பாய்வது முழுத்தானியங்கித் துவக்கு. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதால் முன்னையதை அரைத்தானியங்கி என்றும் சொல்வர்.

இனித் தோட்டாவின் கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஒவ்வொரு நாட்டுப் படையும் தனக்குரிய தோட்டாவையே வைத்திருந்தது. 1949ஆம் ஆண்டு நேட்டோ எனும் வட அத்திலாந்திக் ஒப்பந்த அமைப்பு உருவானபோது, அதன் உறுப்பு நாடுகளெல்லாம் ஒரே தோட்டாவைக் கையாளுதல் வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. ஒரு நாட்டுப் படைக்குத் தோட்டா தீர்ந்தால் அயல்நாட்டுப் படையிடம் வாங்கிச் சுடலாம் அல்லவா?

எந்தத் தோட்டா என்பதிலேதான் பிணக்கு ஏற்பட்டது. போர்க்களத்தில் காலாட்படையினர் பெரும்பாலும் முந்நூறு மீற்றருக்கு உட்பட்ட தூரத்திலேயே சுடுகின்றனர் என்பதைப் போர் அனுபவம் காட்டியிருந்தது. ஆகவே பிரித்தானியர் .280 என்னும் சிறிய, மென்மையான தோட்டாவை உருவாக்கி, அதற்கேற்ற புதிய துவக்கொன்றையும் 1951இல் ஏற்றுக்கொண்டனர். அமெரிக்கர் இதற்கு இணங்கவில்லை. தங்கள் பழைய .30-06 தோட்டாவின் வலுவிற் குறையாத ஒன்றே வேண்டும் என அவர்கள் பிடிவாதமாக நின்றனர். சேர்ச்சிலின் அரசாங்கம் கூட்டணியின் ஒற்றுமையை முன்னிட்டுத் தன் நாட்டுத் துவக்கைக் கைவிட்டது. இவ்வாறு 1954ஆம் ஆண்டளவில் 7.62 மில்லிமீற்றர் விட்டமும் 51 மில்லிமீற்றர் உறை நீளமும் கொண்ட நேட்டோத் தோட்டா நிலைபெற்றது. ஏறத்தாழ ஒன்பதரைக் கிராம் எடையுள்ள அதன் குண்டு, செக்கனுக்கு 840 மீற்றர் அளவான வேகத்தில் குழலை விட்டு நீங்கும். ஒலியின் வேகத்தைப்போல் இஃது இரண்டரை மடங்கு. ஆதலால் குண்டு வந்து சேர்ந்த பின்னரே வெடியோசை காதில் விழும்.

இவ்விடத்தில் பொதுமக்களிடையே நிலவும் ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். ஏ.கே.-47 என்னும் இரஷ்யத் துவக்கும், அதன் சீன வடிவமாகிய ரி-56 துவக்கும் 7.62 மில்லிமீற்றர் என்றே குறிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றின் தோட்டா வேறு. அதன் உறை நீளம் 39 மில்லிமீற்றர் மாத்திரமே. குண்டின் எடை எட்டுக் கிராம் வரை. வேகம் செக்கனுக்கு 715 மீற்றர் அளவு. நேட்டோத் தோட்டாவின் ஆற்றல் 3,300 ஜூல் என்றால் இதன் ஆற்றல் 2,000 ஜூல். குழலின் விட்டம் ஒன்றாயினும் ஒன்றின் தோட்டாவை மற்றொன்றில் இட்டுச் சுட இயலாது. முன்னையதை முழுவலுத் தோட்டா என்றும், பின்னையதை இடைவலுத் தோட்டா என்றும் வேறுபடுத்தி வழங்குவர். முழுவலு, இடைவலு என்னும் இவ்வேறுபாடே பின்னர் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த போரில் முக்கியமான ஒன்றாயிற்று.

தோட்டா ஒன்றாயிற்று, துவக்கும் ஒன்றாகுமென எண்ணியோர் ஏமாந்தனர். ஒவ்வொரு நாடும் தன் வழியே சென்றது.

முதலாவது, பெல்ஜியத்தின் எர்ஸ்தால் நகரத்து எஃப்.என். தொழிற்சாலையில் டியுடோனே சைவ் என்பவர் வகுத்த எஃப்.ஏ.எல். றைபிள். தொடக்கத்தில் இடைவலுத் தோட்டாவுக்கென வரையப்பட்டு, நேட்டோவின் முடிவுக்குப் பின்னர் பெரிய தோட்டாவுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. இதன் இயக்கத்தை எளிதில் விளக்கலாம். குண்டு குழலினூடே ஓடும்போது, பின்னே தள்ளிவரும் வெடிவாயுவின் ஒரு சிறு பகுதி குழலின் மேற்புறத்துத் துளையொன்றால் வெளியேறி ஓர் உந்துதண்டைத் தள்ளுகின்றது. அத்தண்டு, குழலின் பின்வாயை அடைத்திருக்கும் உருக்குக் கட்டையின் பிற்பாகத்தை மேலே உயர்த்திப் பூட்டை விடுவிக்கின்றது. கட்டை பின்னே சென்று வெற்றுறையை எறிந்துவிட்டு, சுருள்வில்லின் விசையால் முன்னே திரும்பிவரும்போது ரவைக்கூட்டிலிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றி மீண்டும் பூட்டிக்கொள்கின்றது. ரவைக்கூடு இருபது தோட்டாக்கள் கொள்ளும்.

இத்துவக்கின் தனிச்சிறப்பு வாயுவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஏதுவான சிறு திருகுவளையமாகும். துவக்கு அழுக்கடைந்தாலோ மண் புகுந்தாலோ வாயுவைக் கூட்டி இயங்கச் செய்யலாம். துவக்கு சுத்தமாயிருக்கும்போது குறைத்துப் பின்னுதைப்பைத் தணிக்கலாம். நடுவே மடித்துத் திறந்து துப்புரவு செய்யும் அமைப்பும் பழகுநருக்கு எளிது. தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகள் இதனைக் கையாண்டன என்றால் அதன் தரம் விளங்கும். குறையும் இல்லாமலில்லை. பாலைவன மணலில் இஸ்ரேலியர் இதனால் இடர்ப்பட்டனர். 1970களில் வேறு துவக்குக்கு மாறினர். பிரித்தானியர் தாம் செய்த வடிவத்தில், மணல் ஒதுங்குவதற்கெனச் சாய்ந்த வெட்டுக்களை இயங்குபகுதியில் அமைத்தனர். அவ்வடிவமே எல்-1-ஏ-1 எனப்பட்ட எஸ்.எல்.ஆர். ஆகும். நீளம் ஒரு மீற்றரும் பதினான்கு சதமமீற்றரும். எடை நாலேகால் கிலோகிராமுக்கு மேல்.

இரண்டாவது, ஜேர்மனியரின் ஜி-3. மேற்கு ஜேர்மனி முதலில் எஃப்.ஏ.எல். துவக்கையே வாங்கியது. அதனைத் தன் நாட்டில் உற்பத்தி செய்ய உரிமை கிடைக்காமற்போகவே, ஸ்பெயினில் உருவான வேறொரு துவக்கை நாடிற்று. அதனை ஆக்கியவரும் ஒரு ஜேர்மானியரே. உலகப் போரின்போது மௌசர் தொழிற்சாலையிற் பணியாற்றிய லுட்விக் போர்கிறிம்லர் என்பவர் ஸ்பெயினுக்குச் சென்று தம் ஆய்வைத் தொடர்ந்திருந்தார். ஹெக்லர் - கோக் நிறுவனம் அதனைச் செம்மை செய்ய, 1959இல் ஜி-3 என்னும் பெயருடன் ஜேர்மன் படை அதனை ஏற்றது.

இதில் வாயுத்துளையும் இல்லை, உந்துதண்டும் இல்லை. பின்வாயை அடைக்கும் பகுதியின் இருபுறமும் இரு சிறு உருளைகள் பள்ளங்களில் அமர்ந்திருக்கும். வெடியின் அழுத்தம் உறையைப் பின்னே தள்ளும்போது, அவ்வுருளைகள் உள்ளொடுங்கச் சிறிது நேரம் பிடிக்கின்றது. செக்கனில் மிகச் சிறிய பகுதியேயான அத்தாமதத்துக்குள் குண்டு குழலைக் கடந்துவிடும். பின்னரே அடைப்புத் திறக்கும். உறுப்புகள் குறைவு, தகட்டை அழுத்தி வளைத்துச் செய்வதால் செலவும் குறைவு. பாகிஸ்தான், ஈரான், துருக்கி, போர்த்துக்கல் முதலிய நாடுகள் உரிமை பெற்று இதனைத் தாமே செய்தமைக்கு இதுவே காரணம். எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதன் பின்னுதைப்பு கூர்மையானது. முதல் தோட்டாவை ஏற்ற இழுக்கும் பிடி கடினமானது. உறை ஒட்டிக்கொள்ளாதிருக்கத் தோட்டா அறையின் சுவரில் நீள வரிகள் வெட்டப்பட்டிருப்பதால், வெளியே விழும் வெற்றுறையின் மேல் நெடுங்கோடுகள் பதிந்திருக்கும். நிலத்திற் கிடக்கும் உறையை எடுத்து நோக்கினால், அது ஜி-3 துவக்கில் சுடப்பட்டதா அன்றோ என்பதை அக்கோடுகளே சொல்லிவிடும்.

மூன்றாவது, அமெரிக்கரின் எம்-14. உலகப் போரில் புகழ்பெற்ற காரண்ட் றைபிளின் வழித்தோன்றல் இது. எஃப்.ஏ.எல். துவக்கும் இதுவும் அமெரிக்காவில் நீண்ட சோதனைகளில் போட்டியிட்டன. 1957ஆம் ஆண்டு அமெரிக்கர் தம் நாட்டுப் பிள்ளையையே தேர்ந்தனர். இதன் அடைப்பு, சாவி திரும்புவதுபோல் சுழன்று பூட்டிக்கொள்ளும். குறி தப்பாத தன்மையில் இதற்கு நற்பெயர் உண்டு. பார்வைக் குறிகளும் சிறந்தவை. ஆனால் வியட்நாமின் ஈரக் காற்றில் மரப்பிடங்கு ஊதிப் பருத்தது; மரம் மாறியதும் குறியும் மாறிற்று. 1964இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மாரி மழையும் கடலின் உப்புக் காற்றும் சேரும் கல்முனை போன்ற நாட்டில் மரப்பிடங்குடைய எந்தத் துவக்கும் அதே இடரைத் தரக்கூடியதே.

இம்மூன்றையும் நிறுத்துப் பார்த்தால் தெளிவாகும் முடிவு ஒன்றுண்டு. கரடுமுரடான நிலத்தில் நெடுநாள் உழைக்க எஃப்.ஏ.எல்.; குறைந்த செலவில் பெருந்தொகையாகச் செய்ய ஜி-3; நின்று நிதானித்துத் தொலைவுக் குறியை அடிக்க எம்-14. எடையிலும், குண்டின் வேகத்திலும், ரவைக்கூட்டின் கொள்ளளவிலும் இவற்றிடையே பெரிய வேறுபாடில்லை. தோட்டா ஒன்றாயினும் ஒன்றின் ரவைக்கூடு மற்றொன்றிற் பொருந்தாது. அங்குல அளவில் செய்த பிரித்தானிய எஸ்.எல்.ஆரின் ரவைக்கூடு, அதன் உடன்பிறப்பாகிய பெல்ஜிய எஃப்.ஏ.எல். துவக்கிலேகூடச் சரிவர ஏறாது. ஒற்றுமைக்காகப் பெரும்பாடுபட்ட நேட்டோவின் முயற்சி தோட்டாவோடு நின்றுவிட்டது.

மூன்றுக்கும் பொதுவான குறையோ துவக்கில் இல்லை, தோட்டாவில் உள்ளது. முழுவலுத் தோட்டாவை நான்கு கிலோகிராம் துவக்கில் இட்டுத் தொடர்ந்து சுட்டால், இரண்டாம் மூன்றாம் குண்டிலேயே குழல் வானை நோக்கி எழுந்துவிடும். ஆகவே பிரித்தானியர் தம் எஸ்.எல்.ஆரை ஒற்றைச் சூட்டுக்கென மாத்திரம் செய்தனர். எம்-14 துவக்குகளுட் பெரும்பாலானவற்றில் தொடர்சூட்டு மாற்றி அகற்றப்பட்டது. 1982ஆம் ஆண்டு போக்லாந்துப் போரில் ஒரே குடும்பத்துத் துவக்குகள் எதிரெதிரே நின்றன. ஆர்ஜென்டீனரின் எஃப்.ஏ.எல். தொடர்ந்து சுடவல்லது, பிரித்தானியரின் எஸ்.எல்.ஆர். ஒவ்வொன்றாகவே சுடும். போரின் முடிவைத் தொடர்சூடு தீர்மானிக்கவில்லை. பயிற்சியும் தலைமையும் தீர்மானித்தன.

இனி, இத்துவக்குகள் இலங்கைக் கரைக்கு வந்த வழியை நோக்கலாம். 1962ஆம் ஆண்டு சீன எல்லைப் போரில் இந்தியப் படையினர் .303 றைபிளுடன் நின்று துன்புற்றனர். அதன் பின்னர், வங்காளத்து இஷாபூர் தொழிற்சாலையில் எஃப்.ஏ.எல். வழிவந்த துவக்கொன்று உருவாகி 1-ஏ-1 எனப் பெயர் பெற்றது. படையினர் அதனை எஸ்.எல்.ஆர். என்றே அழைத்தனர். இதுவும் ஒற்றைச் சூட்டுத் துவக்கே. இமயத்தின் நெடிய பள்ளத்தாக்குகளிலும் பஞ்சாபின் திறந்த வயல்வெளிகளிலும் அதன் நெடுந்தூர வலு நன்கு பயன்பட்டது.

1987ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி கொழும்பில் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி இந்திய அமைதிகாக்கும் படை வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தது. அம்பாறை மாவட்டக் கரையோர மக்களும் நெடிய எஸ்.எல்.ஆர். துவக்குகளைத் தோளில் ஏந்திச் சென்ற இந்தியச் சிப்பாய்களைக் கண்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டபோது, அத்துவக்கின் வலிமை பல இடங்களில் வலுக்குறையாக மாறிற்று.

காரணம் நிலத்திலேயே இருந்தது. வீடுகள் நெருங்கிய ஒழுங்கைகளிலும், வேலிகளிலும், பனை தென்னைத் தோப்புகளிலும் எதிரி ஐம்பது அறுபது மீற்றருக்குள்ளேயே எதிர்ப்பட்டான். அறுநூறு மீற்றருக்கு அப்பால் அடிக்கவல்ல துவக்குக்கு அங்கே வேலையில்லை. ஒரு மீற்றருக்கு மேல் நீண்ட அது வாசலிலும் மூலையிலும் திரும்ப மறுத்தது. புலிகளின் கையிலிருந்த ஏ.கே. வகைத் துவக்குகளோ குறுகியவை, முப்பது தோட்டா ரவைக்கூடு கொண்டவை, தொடர்ந்து சுடவல்லவை. தோட்டாவின் சுமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நேட்டோத் தோட்டா நூறின் எடை ஏறத்தாழ 2.4 கிலோகிராம், ஏ.கே. தோட்டா நூறின் எடை 1.7 கிலோகிராம் அளவே. வெயிலில் நாள் முழுதும் நடக்கும் சிப்பாய்க்கு அவ்வேறுபாடு பெரிது. இந்தியர் அவசரமாக ஏ.கே. வகைத் துவக்குகளை வரவழைத்துத் தம் முன்னணி வீரர் சிலருக்கு வழங்கினர். 1990ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அப்படை முற்றாக விலகியபோது, ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட இந்தியப் படையினர் இம்மண்ணில் உயிரிழந்திருந்தனர். பின்னர் 1990களில் இந்தியா 5.56 மில்லிமீற்றர் சிறு தோட்டாவுக்குரிய இன்சாஸ் என்னும் துவக்குக்கு மாறியது. அம்மாற்றத்தை விரைவுபடுத்திய காரணங்களுள் ஈழத்து அனுபவமும் ஒன்று.

இலங்கைப் படையினரின் கதையும் இதனை ஒத்ததே. .303 துவக்கிலிருந்து எஸ்.எல்.ஆருக்கும், ஜி-3 துவக்குக்கும் சென்ற அவர்கள், முடிவில் சீனத்து ரி-56 துவக்கையே பொதுத் துவக்காக்கிக்கொண்டனர். உலகமும் அவ்வழியே திரும்பிற்று. முழுவலுத் தோட்டாவே வேண்டும் என்று வாதாடிய அமெரிக்கர், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அதனை விட்டு 5.56 தோட்டாவுக்கு மாறினர். 1980இல் நேட்டோவும் அதனை ஏற்றது. பிரித்தானியர் 1951இல் கூறியது பெரும்பாலும் சரி என்பது முப்பது ஆண்டு கழித்து ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் முழுவலுத் தோட்டா மறைந்துவிடவில்லை. இயந்திரத் துப்பாக்கிகளிலும் தொலைக்குறித் துவக்குகளிலும் அஃது இன்றும் வாழ்கின்றது.

துவக்கைப் பற்றி எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடும். சுடுபவனுக்கு எது வசதி என்பதே அவற்றின் கேள்வி. கல்முனைக் கரையோர மக்களுக்கோ மற்றொரு கேள்வியும் உண்டு. குறி தவறிய குண்டு எங்கே போய் விழும்?

நேட்டோத் தோட்டாவின் குண்டு, தடையின்றிச் சென்றால் மூன்றரைக் கிலோமீற்றருக்கும் அப்பால் விழக்கூடியது. வயல் வரம்பிலிருந்து கடற்கரை வரையுள்ள ஊரின் அகலம் பல இடங்களில் இதனிலும் குறைவு. மேற்கே வயலோரத்தில் சுடப்பட்ட ஒரு குண்டு, குறியைத் தவறவிட்டால் ஊர் முழுவதையும் கடந்து கடலில் விழ இயலும். இடையே உள்ளவை கிடுகு வேலியும், பலகைக் கதவும், ஓட்டுக் கூரையும், ஒற்றைச் செங்கற் சுவரும். வேலியும் கதவும் அக்குண்டைத் தடுப்பதில்லை. ஒற்றைச் செங்கற் சுவரையும் நம்புவதற்கில்லை. ஏ.கே. தோட்டாவுக்கு ஆற்றல் குறைவாயினும், அதற்கும் கிடுகு வேலி ஒரு பொருட்டன்று. சூட்டோசை கேட்டதும் தாய்மார் பிள்ளைகளை நிலத்தோடு நிலமாகப் படுக்கவைத்தது வெறும் அச்சத்தாலன்று; சுவர் காப்பதில்லை என்பதை அக்காலத்து வாழ்க்கையே அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் கிழக்கிலே பொலிஸ் நிலையங்கள் புலிகளின் கையில் வீழ்ந்தன. அறுநூறு அளவான பொலிசார் கொல்லப்பட்டனர், ஆயுதங்கள் கைமாறின. அவ்வாண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் சிங்களக் கிராமங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இரத்தம் சிந்தின. ஊர்காவற் படையினருக்கு அரசாங்கம் பெரும்பாலும் வழங்கியது வேட்டைத் துவக்குகளே. முப்பது தோட்டாத் துவக்குக்கு எதிரே அவை போதா என்று அன்று பலர் குறைகூறினர். அக்குறையில் நியாயம் உண்டு. இரண்டு சூட்டுக்குப் பின் மீள்நிரப்பவேண்டிய ஒருவர், இடைவிடாது சுடுபவரின் முன்னே நெடுநேரம் நிற்க இயலாது. எனினும் அத்துவக்கின் சன்னம் அடுத்த தெருவைக் கடந்து அயலூரில் விழுவதில்லை என்பதும் உண்மை. ஊரின் நடுவே நின்று ஊரைக் காப்பவருக்கு வலுமிக்க துவக்கே சிறந்தது என்று முடிவு கட்டிவிடுதல் எளிதன்று. தம் மக்களின் வீடுகளே பின்புலமாக அமையும்போது, கூடிய வலு கூடிய ஆபத்துமாகும்.

வயற்காவலுக்கும் இந்நியாயம் பொருந்தும். பன்றியை விரட்டப் பன்னிரண்டாம் இலக்க வேட்டைத் துவக்குப் போதும். றைபிளை அதற்கு எடுப்பவர், இருளில் அடுத்த கண்டத்துப் பரணில் உறங்கும் அயலவரின் உயிரோடு விளையாடுகின்றார். யானைக்கோ எந்தத் துவக்கும் மருந்தன்று. சன்னம் பட்ட யானை உடனே சாவதில்லை. புண் சீழ்பிடித்து, வெறிகொண்டு, முன்னிலும் கொடிதாகத் திரும்பி வரும். வெடியும் வெளிச்சமும் மின்வேலியும் கூட்டுக் காவலுமே அங்கு ஏற்ற வழிகள். கண்ணுக்குத் தெரியாத நூலிலே கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, பன்றிக்கும் பால் கறக்கச் செல்லும் மனிதனுக்கும் வேறுபாடு அறியாது.

2007ஆம் ஆண்டு கிழக்கிலும், 2009ஆம் ஆண்டு மே மாதம் நாடெங்கும் போர் முடிந்தது. பொறியியல் நோக்கில் எஸ்.எல்.ஆர். ஒரு சீரிய படைப்பு. ஜி-3 ஓர் அறிவுநுட்பமான படைப்பு. எம்-14 துல்லியமான படைப்பு. அவற்றை வகுத்தோர் ஐரோப்பியப் பெருவெளியை மனத்திற் கொண்டனர். மருதமுனையின் கைத்தறி ஓசை கேட்கும் ஒழுங்கையையோ, சாய்ந்தமருதின் கடற்கரை வீட்டையோ, காரைதீவின் வேலியோரத்தையோ அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. எந்தப் பொருளையும் அதன் இடத்தோடு சேர்த்தே மதிப்பிடவேண்டும் என்பதற்கு இத்துவக்குகளின் வரலாறு தக்க சான்றாகும்.

இன்று அக்கரையோரத்தில் பெரும்போகக் காலத்து இரவுகளில் சிலவேளை வெடியோசை கேட்கின்றது. பெரும்பாலும் அது யானை வெடி. காவற்பரணில் இருப்போர் ஒருவரையொருவர் கூவி அழைத்து, விலங்கு எத்திசையிற் சென்றது என்று கேட்டறிகின்றனர். வீடுகளில் பிள்ளைகள் உறக்கம் கலையாமல் உறங்குகின்றனர்.